நாலு மணிக்கு ஸ்டார்ட் ஆக வேண்டிய அம்பாசிடர்

பேட்டரி வியாபாரம் நன்றி கெட்ட தொழிலுங்க. வேலை செய்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் நம் ஞாபகம் வராது, நின்றுபோன அன்றைக்குத்தான் நம் பேரைச் சொல்லுவார்கள். அதிலும் பழைய வண்டிக்குப் பேட்டரி கேட்டு ஒருவர் வந்தால் அன்றைக்கு மத்தியானச் சோறு ஆறிவிடும் என்பது, என்னை மாதிரிக் கடை வைத்து அவதிப்படுகிற அன்பர்களுக்குத் தெரியும். துடியலூரில் எனக்கு இருபது வருஷமாக இதே சோலி. அதில் ஒரு அம்பாசிடர் என்னைப் படுத்திய பாட்டை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

சிறுவாணி

வண்டிக்காரர் பெயர் பழனிசாமி. ஃபவுண்டரியில் வார்ப்புக்கு மர அச்சு செய்கிற பேட்டர்ன் மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். பானெட்டைத் திறந்தால் உள்ளே சாப்பிடலாம், அத்தனை சுத்தம். பேட்டரி மட்டும் செத்துக் கிடந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் தகடெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது என்று பேட்டரி மேலேயே எழுதியிருப்பதைக் காட்டி, "இதுல என்ன தண்ணிங்க ஊத்துனீங்க?" என்று கேட்டேன். மனுஷனுக்கு ரோசம் வந்துவிட்டது. கோயமுத்தூர்க்காரரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரைக் குறை சொல்லக் கூடாது.

"சிறுவாணித் தண்ணிங்க தம்பி! ஊரே ஆசையாக் குடிக்குது, இந்தப் பேட்டரிக்கு மட்டும் ஆகாதுங்களா?"

பெரிசா ஒண்ணு

"எது நடுவுல கழுத்தறுக்காதோ, அதைக் குடுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை பழைய காரைத் துடைத்துப் படம் பிடித்துப் போடுகிற கோஷ்டி என்று நினைத்துக்கொண்டேன். என் வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க இத்தனை சிரமம்? இதை வித்துப்போட்டுச் சின்னதா புது வண்டி ஒண்ணு எடுத்துக்கலாமுங்களே" என்றேன்.

அப்போதுதான் சொன்னார். அவர் வீட்டம்மா சரஸ்வதிக்குக் கிட்னி போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். முழங்கால் இரண்டும் சரியாக மடங்காது. மகனுடைய புது காரில் தலையைக் குனிந்து உள்ளே சரியும்போது வலி தாங்காமல் அழுதுவிட்டாராம். அம்பாசிடர் சீட்டு உயரம். நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிடலாம். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குள் போனால் நாலு மணி சுமாருக்கு நிற்கக்கூடத் தெம்பில்லாமல் வெளியே வருவார். அந்த நேரத்துக்கு வண்டி ஒரே சாவியில் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் பழனிசாமிக்கு வேண்டியது.

எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரிய பேட்டரியை எடுத்து வைத்தேன். தட்டில் உட்காரவில்லை, கிளாம்பை வெட்டி, நெளித்து, எப்படியோ பொருத்தினோம். என் எலக்ட்ரீஷியன் காதர் மட்டும் முனகிக்கொண்டே ஸ்பேனரைப் பிடித்தான். பழைய வண்டியில் இருப்பது டைனமோ, மெதுவாக ஓடினால் அது சார்ஜே ஏற்றாது என்று சொல்லிப் பார்த்தான். நான் காதில் வாங்கவில்லை.

"சின்ன வாய்க்காத் தண்ணியில பெரிய தொட்டி ரொம்பாதுங்க மொதலாளி."

திட்டாத மனுஷன்

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழனிசாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோவைப் பார்த்ததுமே நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். வந்தவர் என் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டார். மத்தியானம் சாப்பிட்டேனா என்று கேட்டார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். நாலு மணிக்கு வண்டி கிளம்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஆட்டோக்காரர்கள் நாலு பேர் தள்ளிக் கிளப்பியிருக்கிறார்கள். அந்தம்மாவால் இறங்க முடியாது. உள்ளே வைத்தேதான் தள்ள வேண்டியிருந்தது. பின்னால் மூச்சிரைக்கத் தள்ளுகிறவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

வேறு யாராவதாக இருந்தால் பேட்டரியைத் தூக்கி என் மேஜை மேல் போட்டிருப்பார்கள். அதுவே தேவலை என்று இருந்தது எனக்கு. "நாலு வார்த்தை திட்டிப்போடுங்க ஐயா" என்று கேட்டே விட்டேன்.

"உங்க பேட்டரி நல்ல பேட்டரிங்க தம்பி, எங்க நேரந்தானுங்க சரியில்லை."

வெயிலில் நின்ற வண்டி

அப்போதைக்குப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கோளாறு எங்கே என்று பார்க்கச் செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிப்போட்டு நானும் காதரும் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டோம். மணி இரண்டு. அம்பாசிடர் மொட்டை வெயிலில் நிற்கிறது, கண்ணாடியெல்லாம் இறக்கியிருக்கிறது, உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. டேஷ்போர்டு மேல் இரண்டு சின்ன ஃபேன் மட்டும் விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கிறது! காதர் என்னைப் பார்த்தான், நான் காதரைப் பார்த்தேன்.

பழனிசாமி டயாலிசிஸ் வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேட்டதும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எப்ப உடுவாங்கன்னு தெரியாதுங்க. மூணுக்கும் உடுவாங்க, நாலரைக்கும் உடுவாங்க. சீட்டு கொதிக்குமுங்க. அவ வந்து உக்காரும்போது சுடக் கூடாதுன்னு பதினோரு மணிக்கே போட்டு உட்டுருவேன்." வாரத்துக்கு இரண்டு நாள், அஞ்சு மணி நேரம், ஆளில்லாத சீட்டுக்குக் காற்று! கவுண்டம்பாளையம் டிராபிக்கில் ஊர்ந்து வருகிற வண்டியில் டைனமோ எதைத் திருப்பி ஏற்றும்? யானை அளவு பேட்டரி வைத்தாலும் மூணு வாரம்தான். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா என்று கோபம்கூட வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணிக்குத் தெரிய வேண்டாமுங்க, தெரிஞ்சா, எனக்கு எதுக்குங்கன்னு ஃபேனை நிறுத்திப்போடுவா."

ரெண்டாவது பேட்டரி

காதர் முதலிலேயே சொன்ன மாதிரி, டைனமோவுக்கு ஏற்ற சின்னப் பேட்டரியாக வண்டிக்கு ஒன்று போட்டோம். ஃபேனுக்கென்று தனியாகக் குட்டிப் பேட்டரி ஒன்றைப் பின் சீட்டுக்கு அடியில் வைத்து, வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டுக்கொள்ளச் சொன்னோம். ஃபேன் எத்தனை நேரம் ஓடினாலும் வண்டிப் பேட்டரியைத் தொடாது. அந்த வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்து நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சு மணிக்கு அம்பாசிடர் கடை முன்னால் வந்து நின்றது. "ஒரே சாவிங்க!" என்று ஸ்டீயரிங்கில் இருந்தபடியே கத்தினார் பழனிசாமி. பக்கத்தில் அந்தம்மா, வெளுத்துப்போய், ஆனால் சிரித்துக்கொண்டு.

சந்தோஷத்தில் என் வாய் மறுபடியும் சும்மா இருக்கவில்லை. "இனி அஞ்சு மணி நேரம் ஃபேன் ஓடுனாலும் கவலையில்லைங்கம்மா" என்று சொல்லித் தொலைத்தேன். "அஞ்சு மணி நேரமா? அப்ப நான் உள்ள படுத்திருந்தனே?" என்றார். பழனிசாமி எதிரே போகிற பஸ்ஸைப் பார்த்தார். அந்தம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஃபேன் இரண்டையும் பார்த்தார். இரண்டுமே அவர் பக்கம்தான் திரும்பியிருந்தன. வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்த புருஷனின் சட்டையைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், எதற்கு மறைக்க வேண்டும்?

"தம்பி, அதுல ஒண்ணை அவரு பக்கம் திருப்பி உடுங்க."

எந்த வண்டிக்கு எந்தப் பேட்டரி என்று கம்பெனிக்காரன் தடியாக ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறான். பெண்டாட்டிக்குத் தெரியாமல் புருஷன் ஓட்டுகிற ஃபேனுக்கு எத்தனை ஆம்பியர் என்று மட்டும் அதில் எந்தப் பக்கத்திலும் போடவில்லைங்க.