பிலோமி கூப்பிடும் பெயர்

1954 ஐப்பசி. பிற்பகல் நாலு மணிக்கு மூடுபனி இறங்கத் தொடங்கியதும், பிலோமி மசாலாவை அரைத்தது பாதி அரைக்காதது பாதியாக அம்மியில் விட்டுவிட்டு தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி மூலைக்கு ஓடிவந்துவிடுகிறாள். இடுப்பில் ஒரு நாய்க்குட்டி. பள்ளத்தைப் பார்த்துக் கூவுகிறாள்:

"மா...னா...மதுரேய்ய்!"

குட்டி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறது. பெயர் அதனுடையது.

அவள் புருஷன் கபிரியேல் ஏலத்தோட்டத்துத் தபால்காரர். காலையில் பள்ளத்தில் இறங்கிப் போடிமெட்டுக்குப் போய், மாலையில் பையோடு ஒற்றையடிப் பாதையில் திரும்புகிறவர். போன வருஷம் இதே மாதம் பனிக்குள் சிக்கிக்கொண்டார். லயத்து ஆண்கள் யாரும் வேலை முடிந்து வந்திருக்கவில்லை. பிலோமியோ புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள். ஜெபத்தில் கபிரியேல் என்ற தேவதூதர் பெயர் வந்தால்கூட, "மங்கள வார்த்தை சொன்ன சம்மனசு" என்று சுற்றிக்கொண்டு போவாள். உபதேசியார் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டார். அன்று அவள் கையில் கிடைத்த தகரத்தைத் தட்டினாள். யாரோ காட்டுப்பன்றி விரட்டுகிறார்கள் என்று நினைத்த கபிரியேல், சத்தத்துக்கு எதிர்த்திசையில் நடந்தார். மறுநாள் யானைத் தடத்தின் ஓரத்தில், பாறையிடுக்கில், கால் பிசகிக் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள்.

அதனால்தான், அவர் டீக்கடையிலிருந்து இந்தக் குட்டியைக் கொண்டுவந்தபோது பெயர் வைப்பது அவளுக்கு விளையாட்டாக இல்லை.

"டைகர்னு வையி," என்றார் அவர்.

"மேல் லயத்துல ரெண்டு டைகர் கெடக்கு. மஞ்சுக்குள்ள எது எந்த வீட்டு டைகர்னு கண்டீக?"

பக்கத்து வீட்டுக் குருவம்மாளைக் கீழே வளைவில் நிறுத்திவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூவிப் பார்த்தாள்.

"மணி பாதியிலேயே செத்துப்போச்சுடி," மூச்சு வாங்க ஏறி வந்தாள் குருவம்மாள். "ராணி பரவாயில்ல."

"கணக்கப்பிள்ளை வீட்டம்மா பேரு ராணி. வேலை போயிரும்."

"அப்ப ஒரு கமிட்டி போட்டு முடிவு பண்ணு தாயி. எனக்கு முட்டி வலிக்குது."

பிலோமி சிவகங்கைச் சீமையில் பிறந்தவள். சிறுமியாக ரயிலில் தூங்கிப்போனவளை ஒரு போர்ட்டரின் குரல் எழுப்பியது. விளக்கில்லாத ஸ்டேஷனில், கடைசிப் பெட்டி வரை எட்டும்படி அவன் இழுத்துக் கூவிய ஊர்ப் பெயர்தான் மானாமதுரை. "இருட்டுக்குள்ள தூங்குன எனக்கே எறங்குற எடம் தெரிஞ்சுச்சே," என்று அதையே குட்டிக்கு வைத்தாள்.

லயமே சிரித்தது. கபிரியேலுக்கும் வெட்கம். "டீக்கடையில நாய் பேரு கேட்டா என்னத்தச் சொல்ல?"

"கேக்குறவுகளுக்குச் சொல்லாதீக. நான் கூப்பிட்டா வாங்க, போதும்."

இன்று பனி அடர்த்தி. எதிரே உள்ள முள்முருங்கைகூடத் தெரியவில்லை. வளைவைக் கபிரியேல் இதற்குள் தாண்டியிருக்க வேண்டும்; இன்னும் காணவில்லை. பிலோமி கூவுகிறாள். மறுபடியும் கூவுகிறாள். தொண்டை கட்டிக்கொள்கிறது.

"ஏண்டி, நாயி ஒன் இடுப்புலதான இருக்கு. யாரடி கூப்பிடுற?" என்று சீண்டுகிறாள் குருவம்மாள்.

"நாயத்தான்."

தன் பெயரைக் கேட்டுக் கேட்டு உற்சாகமான குட்டி குரைக்கத் தொடங்குகிறது. பிலோமி அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு காது கொடுக்கிறாள். குருவம்மாளும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பள்ளத்துக்குள் எங்கோ ஒரு இருமல். பிறகு, "ஏய், கேக்குது, கேக்குது!"

கை விலகுகிறது. குட்டியைக் கீழே விட்டுவிட்டு பிலோமி வீட்டுக்குள் ஓடுகிறாள். கபிரியேல் தபால் பையோடு வாசலுக்கு வரும்போது, எங்கும் போகாதவள்போல் அவள் குனிந்து மசாலா அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

நாளைக்கும் தபால் உண்டு.