ரன் என்றால் ஓடு

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய மறுவருஷம் எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் நுழைந்தது. அப்பாவும் அத்தையும் பிரெஞ்சு படித்தவர்கள். அம்மாவுக்குத் தமிழே போதுமானதாக இருந்தது. ஆகவே முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள், எட்டு வயதான நான்தான். கம் என்றால் வா, கோ என்றால் போ, ரன் என்றால் ஓடு. ஒரு சொல்லுக்கு ஓர் அர்த்தத்துக்கு மேல் இருக்கக்கூடும் என்று டீச்சர் சொல்லித்தரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்தையைப் பெண் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஏதோ கம்பெனியில் குமாஸ்தா, தாயாரோடு வந்திருந்தார். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அப்பா காலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. அத்தை பாயில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கேன் யூ ரன் எ ஹவுஸ்?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன்: "வீட்ட உட்டு ஓடிடுவியான்னு கேக்கறாரு!"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாடா கேட்ட?" என்று தாயார் மகனை அதட்டினார். மாப்பிள்ளை பதறிப்போய்க் கையை ஆட்டுவதற்குள் அத்தை நிமிர்ந்துவிட்டாள்.

"ஓடறவளா இருந்தா இங்க வந்து உக்காந்திருப்பேனா? இந்நேரம் கடலூரத் தாண்டியிருப்பேன்."

மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "வீட்ட நடத்தத் தெரியுமான்னுதாங்க கேட்டேன்."

"அத தமிழ்லயே கேக்கறதுதானே?" என்ற அத்தைக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மட்டும் பஸ்ஸில் வந்தார். எனக்கு ஒரு அகராதி கொண்டுவந்திருந்தார். அதில் ரன்னுக்கு மட்டும் இரண்டு பக்கம்! ஆறு ஓடுவதும் ரன், மூக்கு ஒழுகுவதும் ரன், கடை நடத்துவதும் தேர்தலில் நிற்பதும்கூட ரன்தான். ஒரு நாளைக்கு நான்கு அர்த்தத்துக்கு மேல் சொல்ல மாட்டார். மிச்சத்துக்கு மறு ஞாயிறு வருவார். அத்தை மோர் கொண்டுவந்தவள் அங்கேயே நின்றுவிடுவாள். அவர் பாடம் சொல்வது எனக்கு. பார்வை மட்டும் என் தலைக்கு மேலே இருக்கும்.

எனக்காக ஒரு மனிதர் இவ்வளவு தூரம் அலைகிறாரே என்று ஒருநாள் மனம் கேட்கவில்லை. "மிச்சத்தெல்லாம் இன்னிக்கே சொல்லிக் குடுத்துடுங்க மாமா. அப்புறம் நீங்க வரவே வேணாம்" என்றேன்.

அத்தை என் தலையில் நறுக்கென்று குட்டினாள். நல்லது சொன்னதற்கு ஏன் குட்டு விழுந்தது என்று வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.