அத்தான் அடைத்து வைத்த மைக்

எங்கள் அத்தானைக் கிண்டல் செய்வதற்கென்றே கடவுள் எனக்கு இந்த வாயைக் கொடுத்திருக்கிறார். அக்கா புருஷன் என்பதால் அந்த உரிமை எனக்கு உண்டு. அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார். ஆக, இரண்டு பேரும் சரிக்குச் சரி.

அத்தானுக்கு வேலை கேஸ் அடுப்பு ரிப்பேர். குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு, குமிழ் வருகிறதா என்று மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார். தொழிலில் அவரைக் குறையே சொல்ல முடியாது. அவர் கை வைத்த அடுப்பு திரும்பக் கசிந்தது என்று ஒருவரும் வந்து நின்றதில்லை. வம்பு என்னவென்றால், உலகத்தில் இருக்கிற அத்தனையும் அவர் கண்ணுக்குக் கேஸ் குழாய்தான்.

அவர் பெண் கல்யாணமாகிப் போகும்போது தன் லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். ஒரு நாள் அடுப்பு பார்க்கப் போன வீட்டில் யாரோ புண்ணியவான், "இந்த வெப்சைட்டெல்லாம் நாம பேசுறதை ஒட்டுக் கேக்குதுங்க" என்று கொளுத்திப் போட்டிருக்கிறார். அன்று மாலை அத்தான் வந்ததும் கைகூடக் கழுவவில்லை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பிரவுசர் செட்டிங்ஸைத் திறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் மூடினார். குக்கீயா, தடு. பாப்-அப்பா, தடு. கேமரா, மைக், இருக்கும் இடம் எல்லாம் தடு. ஸ்கிரிப்ட் என்று ஒன்று இருந்தது. அது என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதையும் தடுத்தார்.

"ஒரு பொட்டு ஓட்டை இருந்தா போதும், வீடே போயிடும்" என்றார்.

மறுநாளிலிருந்து அந்த லேப்டாப்பில் ஒரு காரியம் உருப்படவில்லை. அக்கா ஆன்லைன் கடையில் போர்வையைக் கூடையில் போட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலி. மறுபடி போட்டாள், மறுபடி காலி. எதையுமே ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு போட்டால் அது என்ன செய்யும், பாவம். அத்தானுக்குப் பல்வலி வந்தது. டாக்டரிடம் நேரம் குறிக்கப் போனால், தேதி காட்டும் காலண்டர் திறக்க மாட்டேன் என்றது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பஸ் பிடித்து கிளினிக்குக்கு நேரில் போய் நேரம் குறித்துவிட்டு வந்தார்.

"ஆன்லைன்ல அப்பாயின்ட்மென்ட் வாங்க பஸ் ஏறிப் போன ஒரே ஆளு நீங்கதான் அத்தான்."

"போனா என்ன? என் பல்லு விஷயம் எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தானே தெரியும்."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே போனவரின் பல் விஷயம் அந்த பஸ் முழுக்கத் தெரிந்திருக்கும். சொன்னால் கோபம் வரும் என்று விட்டுவிட்டேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். அக்காவுக்கு அந்த வேலை வாய்ப்பு வந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

அக்கா நன்றாகப் படிப்பாள். வாய்விட்டுப் படிப்பதைச் சொல்கிறேன். மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்குப் பாடம் படித்துக் காட்டினால், மாடியில் குடியிருக்கும் நான் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்பேன். மகள் போன பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. அத்தான் அலைந்து திரிந்து வருவார், "சாப்பாடு ரெடியா?" என்பார், சாப்பிடுவார், தூங்குவார். அக்கா பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டிருப்பதை ஒருநாள் பார்த்தேன்.

பார்வை இல்லாத பிள்ளைகளுக்குப் பாடங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கிற ஒரு நிறுவனம் ஆள் தேடியது. நான்தான் சொன்னேன், அக்கா விண்ணப்பித்தாள். அவர்கள் இணையதளத்தில் ஒரு பாடம் வரும், அதைப் படித்து அங்கேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும். கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் நேரம்.

அந்தக் கடைசி நாளில்தான் அக்காவுக்குத் தைரியம் வந்தது. தளத்தைத் திறந்தால் பக்கம் வெள்ளையாக நின்றது. அத்தானைக் கெஞ்சி, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் ஸ்கிரிப்ட்டைத் திறக்க வைத்தோம். பாடம் வந்தது, சிவப்புப் பொத்தானும் வந்தது. அக்கா அழுத்தினாள், உயிரைக் கொடுத்துப் படித்தாள், அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில்: 'உங்கள் பதிவில் ஒலி இல்லை. இன்று மாலைக்குள் மீண்டும் ஒரு முறை அனுப்பலாம்.'

மைக் தடுக்கப்பட்டிருக்கிறது என்று அந்தத் தளம் எச்சரிக்கத்தான் பார்த்திருக்கிறது. ஆனால் எச்சரிக்கை வருவது பாப்-அப்பில். அதையும்தான் நம்ம ஆள் அடைத்து வைத்திருக்கிறாரே!

"பரவாயில்ல, எனக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்று அக்கா எழுந்துவிட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"அத்தான், இன்னைக்கு இது போச்சுன்னா உங்களை நான் சும்மா விடமாட்டேன். அக்கா எத்தனை நாளா வாய மூடிக்கிட்டு இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அத்தானின் முகம் வெளுத்துப்போனது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிரவுசரில் மைக்கைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கம்ப்யூட்டரின் சொந்த செட்டிங்ஸிலும் ஒரு பூட்டு போட்டிருந்தார், அதையும் தேடிப்பிடித்து எடுத்தார். இப்போது சத்தம் வந்தது, போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி.

"இன்னும் என்னத்த பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

தலையைச் சொறிந்தார். பிறகு மெல்ல லேப்டாப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். மைக் ஓட்டை மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்! அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவே சிரித்துவிட்டாள்.

வெளியே வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. ஃபேனை நிறுத்தினோம். அத்தான் கதவுக்கு வெளியே போய் வியர்க்க வியர்க்க நின்றார். அக்கா படித்தாள். மழை எப்படி வருகிறது என்று சின்னப் பிள்ளைகளுக்கான பாடம். மேகத்தைப் பார்த்தே இராத ஒரு பிள்ளைக்கு மேகத்தைக் காட்ட வேண்டுமே, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடம் விட்டுப் படித்தாள். மண் நனைகிற இடம் வந்தபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

முடித்ததும் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். அனுப்புகிற வேலையை அத்தானிடம் விட்டோம். கொஞ்சம் தாமதமாகத்தான், "அனுப்பிட்டேன்" என்று குரல் கொடுத்தார்.

அடுத்த வாரம் நான் அங்கே இருக்கும்போதே போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். அந்த நிறுவனத்து மேடம், "உங்களை எடுத்துக்கிட்டோம்மா" என்றார். அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. நீங்க முடிச்சதும் பதிவை நிறுத்தல போலிருக்கு. கடைசியில ஒரு ஐயா பேசுறார். பிள்ளைங்களுக்குப் போற பதிவுல அதை வெட்டிட்டோம். ஆனா எங்க ஆபீஸ்ல எல்லாரும் கேட்டுட்டோம்" என்று சிரித்தார் மேடம்.

அத்தான் வாசலைப் பார்த்து நகர்ந்தார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். "என்ன பேசினார் மேடம்?" என்று கேட்டாள் அக்கா. மேடம் அதைப் போட்டுக் காட்டினார்.

அத்தானின் குரல்தான். யாரும் இல்லாத அறையில், தனக்குத்தானே:

"இவ குரல் இப்படியா இருக்கும்… இத்தனை வருஷமா வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு சாப்பாடு ரெடியான்னு மட்டும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேனே. கடவுளே, இது அவளுக்குக் கெடைக்கணும். என்னால கெட்டுப்போச்சுன்னு ஆயிடக் கூடாது."

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அத்தோடு முடிந்தது.

அத்தானைக் கிண்டல் செய்ய அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாழ்நாளில் வரப்போவதில்லை. ஆனால் மறித்துக்கொண்டு நின்ற வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

"அதை அழிச்சிடச் சொல்லு" என்றார் அத்தான், தரையைப் பார்த்தபடி.

அக்கா அவரைப் பார்த்தாள். கண்ணில் நிறைந்து நின்றதைத் துடைத்துக்கொள்ளவில்லை. போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், "அவர் என் வீட்டுக்காரர் மேடம். அழிச்சிடாதீங்க, எனக்கு அனுப்பி வைங்க" என்றாள்.