மாமா குடிபெயர்த்த வண்டுகள்

எங்கள் தீவின் புரோத்ராபூரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் மாமா வீடு கட்டத் தொடங்கிய வருஷம் எனக்கு எட்டு வயது. அவர் அம்மாவின் தம்பி. வீடு எழும்பினால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டதால், மழைக்கு முன்பே அஸ்திவாரம் போட்டுவிடத் துடித்தார்.

பக்கத்து வீட்டில் பூச்சிகளை ஆராய வந்த வங்காளி அக்கா ஒருவர் வாடகைக்கு இருந்தார். நான் அவரை தீதி என்பேன். மாமாவிடம் கேட்டுக்கொண்டு, அந்தச் சரிவில் பிளாஸ்டிக் கப்புகளை மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தார். ஒருநாள் ஒரு கப்பில் விழுந்திருந்த கருவண்டை எனக்குக் காட்டினார். மொச்சைக்கொட்டை அளவு, முதுகில் வரிவரியாகக் கோடுகள். அதற்குப் பறக்க வராது.

“இது நம்ம தீவுல மட்டும்தான் இருக்கு. உலகத்துல வேற எங்கயும் கிடையாது” என்றார் இந்தியில்.

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது.

“அந்த தீதி மேலிடத்துக்கு எழுதிப் போட்டா காம் பந்த் ஆயிடும், வீட்டு வேலை நின்னுடும் பாப்பா!”

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை என் கையில் கொடுத்தார். வண்டுகளையெல்லாம் பிடித்து ஓடைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட வேண்டுமாம். அங்கே அவற்றுக்கு இன்னும் வசதியாம். மாமாவின் அன்பை நினைத்து எனக்குப் புல்லரித்தது.

தீதி இரண்டு நாள் வெளியே போயிருந்தபோது, மக்கிய கட்டைகளைப் புரட்டிப் பதினோரு வண்டுகள் பிடித்தேன். அவை பீய்ச்சிய நீர் விரலில் எரிந்தது. சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. ஓடைக்கு அப்பால் இருந்தது வெயில் காயும் பாக்குத் தோப்பு. அங்கே பாட்டிலைக் கவிழ்த்தேன். மாமா கட்டைகளைக் குவித்துக் கொளுத்தினார்.

திரும்பி வந்த தீதி காலிக் கப்புகளைப் பார்த்துத் திகைத்தார். நானே பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். மாமா தலை குனிந்துகொண்டார்.

“ஒரு வண்டுக்காக உங்க வீட்டை யாரும் நிறுத்த மாட்டாங்க. அந்தக் கட்டைகளை அப்படியே தூக்கிக் காட்டோரமா வச்சிருந்தா போதும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார் தீதி.

உடனே மூவரும் ஓடையைத் தாண்டினோம். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாக்கு மட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பொழுது சாயும்வரை தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. தீதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“பாத்தீங்களா மாமா, யாராலயும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஒளிஞ்சுக்கிச்சுங்க!”