எலும்பு தெரியற படம்

ஜாம்பியாவில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். முதல் லீவில் கடத்தூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் காலனிக்கு வந்த மறுநாளே சபைச் செயலாளர் வீடு தேடி வந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நர்சிங் சேர எனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர்.

"ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் ஊழியத்தப் பத்திப் பேசணும்மா. எலும்பு தெரியற மாதிரி கொழந்தைங்க படமாப் பாத்து எடுத்துக்கிட்டு வா. அப்பத்தான் ஜனங்க மனசு எளகும்."

"அந்த மாதிரி எங்கிட்ட இல்லீங்க சார்."

"ஆப்பிரிக்காவுல இருந்துட்டு இல்லைன்னா எப்படி?"

நிஜமாகவே இல்லை. நான் அங்கே போய்ச் சேர்ந்த மாதம், சாப்பாடில்லாமல் வற்றிப்போன ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். மிஷன் தலைமை ஆபீசில் படம் கேட்டிருந்தார்களே என்று போனைத் தூக்கினேன். அவள், முதுகில் பிள்ளை கட்டும் துணியை இழுத்து அவன் முகத்தை மூடிவிட்டாள். திட்டவில்லை. "எழுந்து உக்காரட்டும், அப்புறம் எடு" என்றாள். பக்கத்திலிருந்த ஆயம்மா எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். பையன் தேறினான். புறப்படுகிற அன்றைக்கு அவளே அவனுக்குத் தலைவாரி, மடியில் வைத்துக்கொண்டு படம் எடுக்க என்னைக் கூப்பிட்டாள்.

அந்தப் படத்தைச் செயலாளரிடம் காட்டினேன். "இது வேணாம்மா, கொழுகொழுன்னு இருக்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் மூன்றாவது படிக்கும்போது மிஷனுக்குப் பணம் தரும் வெளிநாட்டு விருந்தாளிகள் காலனிக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், புதுக் கவுன் போட்டிருந்தேன். அவர்களை அழைத்துவந்தவர் அம்மாவிடம், "பழசு ஏதாச்சும் மாத்தி வுடுங்க" என்றார். அம்மா மாற்றிவிட்டாள். கிழிந்த கவுனோடு நான் நிற்கும் படம் ஏதோ பத்திரிகையில் வந்து, சபை ஆபீஸ் சுவரில் வருஷக்கணக்கில் ஒட்டியிருந்தது. அந்த மிஷன் விடுதிச் சோற்றில்தான் படித்தேன்; இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பத்தாவது முடிக்கும்வரை அந்த ஆபீஸுக்குள் தலைநிமிர்ந்து நான் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை புரொஜெக்டரில் எனக்குப் பிடித்த படங்களைப் போட்டேன். மக்காச்சோள மில் நடத்தும் பெண்மணி. பிரசவம் பார்ப்பதில் எனக்கே பாடம் சொல்லித்தந்த அந்த ஊர் நர்ஸ். கடைசியாக அந்தத் தாயும் மகனும்.

செயலாளர் எழுந்தார். "இவங்க நம்மளவிட நல்லா இருக்கற மாதிரி தெரியுதே. இவங்களுக்கு எதுக்கும்மா ஊழியம்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் மைக்கை விடவில்லை.

"அங்க ரோடு இல்லீங்க சார். மழ இல்ல. டாக்டரப் பாக்க ஒரு நாள் பூரா நடக்கணும். அதுக்குத்தான் நான் போயிருக்கறேன். ரோடு இல்லாதவங்களுக்கு மானமும் இருக்காதுங்களா? இது அந்தப் பையனோட அம்மா எடுக்கச் சொன்ன படம். இதத்தான் காட்டுவேன். எம் படத்த இங்க ஆபீஸ்ல ஒட்டி வெச்சிருந்தீங்களே, எங்கம்மாவ ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பெண்கள் பக்கம் அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவமானப்படுத்திவிட்டேனோ என்று பயந்தேன். சபையில் ஒருநாளும் வாய் திறக்காதவள், மெதுவாக எழுந்தாள்.

"எம் புள்ளைக்கு அன்னிக்குப் புதுத்துணி இருந்துச்சுங்க. பச்சக் கலரு. நானே தெச்சது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "ஏன் சிஸ்டரு, அங்க என்ன திங்கறாங்க?"

"மக்காச்சோள மாவுல களி."

"களியா! தொட்டுக்க?"

அப்புறம் கேள்விமேல் கேள்வி. மில் வைத்திருக்கும் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள், மழை பெய்யாவிட்டால் மாட்டுக்கு என்ன போடுவார்கள் என்று, போதகர் முடிவு ஜெபத்துக்கு எழுந்திருக்கும்வரை கேட்டார்கள். செயலாளர் ஆசீர்வாதத்துக்கு நிற்காமல் வெளியே போய்விட்டார்.

அவர் தலைமை ஆபீசுக்குப் புகார் எழுதினார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதினேன், மன்னிப்பு கேட்கவில்லை. அடுத்த லீவில் சபையில் பேச யாரும் என்னைக் கூப்பிடவில்லை. களியைப் பற்றிக் கேட்ட அக்கா தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். காலனிப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள்.