அரிப்பில் பிறந்தவள்

லண்டனில் குளிர் தொடங்கினால் என் கைகால்கள் வறண்டு அரிக்கும். ஈஸ்ட் ஹாமில் என்னோடு அறையில் இருக்கும் மன்னார் நண்பன், நான் சொறிவதைப் பார்த்துச் சிரித்தான்.

“மச்சான், தோலைக் கொஞ்சம் மிச்சம் வையடா.”

“எங்க பரம்பரையே அரிப்புப் பரம்பரைதான்” என்றேன்.

பகிடியாகச் சொன்னேனே தவிர, அது பகிடியில்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு அப்படி ஒரு பட்டம் இருந்தது: ‘அரிப்புல பொறந்தவ கூட்டம்’. எப்போதோ பரம்பரையில் வந்த சொறிநோய் என்றே எல்லோரும் நம்பினார்கள், நாங்களும்தான். மலைத் தண்ணீர் விழும் பீலியில் மற்றப் பெண்கள் குளித்து முடித்த பிறகே அம்மா குளிப்பாள். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அங்கேயும் வாங்குப் பலகையில் என்னை ஒட்டி உட்காரமாட்டார்கள்.

அந்தப் பட்டத்தைச் சொன்னதும் நண்பன் சிரிப்பை நிறுத்தினான். “நீங்கள் அரிப்பு ஆக்களோ? அது எங்கட மாமா வீட்டுக்குக் கிட்டத்தானே.”

“அரிப்பு ஒரு ஊரா?”

“ஓம், கடற்கரை ஊர். நீ என்னெண்டு நினைச்சனி?”

கைபேசியில் வரைபடத்தை விரித்துக் காட்டினான். மன்னார்க் கரையோரம் அந்தப் பெயர் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் தோணியில் அந்தப் பக்கம் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள், வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தார்கள் என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். அது என் வீட்டுக் கதை என்று தோன்றியதேயில்லை. விரலால் படத்தைத் தள்ளத் தள்ளப் பச்சை முடியாமல் வந்துகொண்டிருந்தது. அரிப்பில் இறங்கியதும் பிறந்த ஒரு பச்சைக்குழந்தை அந்தக் காட்டுக்குள் போயிருக்கிறது. பிழைத்தும் இருக்கிறது.

அம்மாவை அழைத்தேன். “அம்மா, அரிப்புங்கிறது நோய் இல்ல. நம்ம ஆளுங்க தோணியில வந்து எறங்கி, காட்டு வழியா நடக்கத் தொடங்கின ஊரு. அங்க நம்ம ஆளு ஒருத்தி பொறந்திருக்கா.”

“யாரு சொன்னா?”

“மன்னார்க் கூட்டாளி. மேப்புலயும் இருக்கு.”

“அப்ப நமக்குச் சொறி இல்லையா?”

“இல்லம்மா. எப்பவுமே இல்ல.”

பீலியடிப் பெண்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“அவளப் பெத்தவ, பெத்த ஒடம்போடயா அந்தக் காட்ட நடந்தா?”

“அப்படித்தான் இருக்கணும்.”

“புள்ளைய எதுல சுத்தியிருப்பா?”

“ஏதாவது துணியிலதான்.”

“கட்டியிருந்த சேலையத்தான் கிழிச்சிருப்பா” என்றாள் அம்மா. “வேற என்ன இருந்திருக்கும் அவகிட்ட?”