நாங்கள் வலை வாங்கிய வருடம்

கொழும்பில் மீனை நிறுத்து விற்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் நான் சமையல் வேலை செய்யும் வீட்டுக்குக் காலையில் ஒரு சிங்கள மீன்காரர் காவுதடியில் இரண்டு கூடைகளோடு வருவார். மீனைத் தராசில் போட்டு, இறாத்தல் கல்லை வைத்து, முள் அசையாமல் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் பிறந்த எனக்கு மருந்துக்கடையில் நிற்பதுபோல இருக்கும். எங்களூரில் மீனைக் கூறு கூறாகக் குவித்து வைப்பார்கள். கண்ணால் அளந்து விலை கேட்போம். வந்த புதிதில் ஊர்ப் பழக்கத்தில் ஒரு பாரையின் செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஹொந்தய், ஹொந்தய்!" என்று சத்தம் போட்டார். நல்ல மீன் என்று சொல்கிறாராம். சமாதானமாகப் போகட்டும் என்று தலையை ஆட்டினேன். வாங்கச் சம்மதம் என்று நினைத்து முழுப் பாரையையும் வெட்டித் தந்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அந்த வீட்டில் மூன்று வேளையும் பாரைதான்.

வீட்டுக்கார அம்மாவை நான் லேடி என்றுதான் கூப்பிடுவேன். பறங்கிக் குடும்பம். உடைந்த தமிழ் கொஞ்சம் பேசுவார். துக்கத்துக்கு உடுத்த கறுப்புச் சேலையோடு நான் முதல்நாள் வந்து நின்றபோது, "உன் மாப்பிள்ளை சாராயம் குடிச்சதா? காசு எல்லாம் முடிச்சதா?" என்று கேட்டார்.

"இல்லை லேடி, அவர் குடிக்கிறேல்லை. ராசாவுக்கு ஆடினவர்."

லேடியின் காதில் ராசா மட்டும்தான் விழுந்திருக்கிறது. பின்னேரம் தேநீருக்கு வந்த சிநேகிதிகளிடம், நான் யாழ்ப்பாணத்து ராசா ஒருவருடைய மனைவி என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாமார் என்னுடைய வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தார்கள்.

என் கணவர் சவிரிமுத்து ராசாதான், வருடத்தில் ஒருநாள். மற்ற நாளெல்லாம் வலைகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாருடைய வலையில் கூலிப்பங்குக்குத் தொழிலுக்குப் போகிறவர். வேதக்கோயில் திருநாளுக்கு எங்கள் பகுதியில் நாட்டுக்கூத்து ஆடுவார்கள். ராசாவுக்கு ஆடுகிறவர் தன்னுடைய உடுப்பைத் தானே தைப்பிக்க வேண்டும். கூடைபோல விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, வெல்வெற் துணி, கண்ணாடித் துண்டு, முடி எல்லாம் அவருடைய செலவு. கூத்துப் பழகும் மாதங்களில் மந்திரியும் சேனாதிபதியும் ராசா வீட்டில்தான் வந்து சாப்பிடுவார்கள். நான் கலியாணம் முடித்துப் போன முதல் வருடம் ஒரு பெரிய பானை சோறு வடித்து இறக்கினேன்; சேனாதிபதி ஒருவரே பாதியைச் சாப்பிட்டார். திருநாள் முடிந்த மறுநாள் வீட்டில் வெல்வெற் இருந்தது, அரிசி இருக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். எங்களுக்கென்று ஒரு வலை. சொந்த வலை இருந்தால் கூலிப்பங்கோடு, வலைக்காரருக்கு விழும் வலைப்பங்கும் வீட்டுக்கு வரும். அவரிடம் எத்தனை விதமாய்ச் சொல்லிப் பார்த்தேன்! சோறு போடும்போது சொன்னேன். கோயிலால் வரும் வழியில் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, ஒரு வருசம் ஆடாமல் விடுங்கோவன். வலைக்கு நூல் வாங்கலாம்."

"எடியே மதலேன், சம்மாட்டியாரிட்டை எத்தினை வலை கிடக்குது! விடிய விடியக் குந்தியிருந்து அவரை ஆராவது பாக்கினமோ?"

அதைக் கேட்டால் சிரிப்பு வரும், சிரித்தால் தோற்றுவிடுவேன்.

மூன்றாம் வருடம், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டுக்கு நாலு பெரிய நண்டோடு போனேன். "அண்ணாவியார், உவருக்கு இந்த முறை ராசா வேண்டாம்" என்றேன்.

"ஏன் பிள்ளை? உவனுக்குத்தானே குரல் இருக்கு."

"குரல் இருக்கு. வலை இல்லையே."

அவர் நண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கட்டியகாரனுக்கு ஒரு கோட்டும் பிரம்பும் காணும், செலவில்லை" என்றார். கட்டியகாரன் என்றால் ராசா வருமுன் வந்து, ராசா வாறார் என்று கூவுகிறவன்.

அன்றைக்குக் கூத்துப் பழகப் போன கணவர் சுருக்காய்த் திரும்பி வந்தார். "நீ போய்க் கதைச்சனியோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். பாயை எடுத்துக்கொண்டு போய் வெளியில் படுத்தார். மூன்றாம் நாள் கடலால் வந்து, உழைத்த காசை அப்படியே என் கையில் வைத்தார். "பிடி, உன்ரை வலை" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருநாளன்று மத்தளம் அடிக்க, யாரோ கொடுத்த பழைய கோட்டோடு அவர் மேடைக்கு வந்தார்.

"ராசா வாறார் பராக்! சனங்களே, நானும் ராசாவாய் வரத்தான் வெளிக்கிட்டனான். வீட்டிலை ஒரு ராணி இருக்கிறா. பெட்டகத்தைப் பூட்டித் திறப்பை இடுப்பிலை செருகிப்போட்டா. அதாலைதான் இந்தக் கோட்டோடை நிக்கிறன்!"

கரை முழுவதும் சிரித்தது. "மதலேன், அந்தத் திறப்பைக் குடுவனடி!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு ராசா வந்தபிறகும் சனம் கட்டியகாரனைத்தான் திரும்பக் கூப்பிட்டது.

அந்த வருடமே வலை வாங்கினோம். அதன்பிறகு தொழிலுக்குப் போன இடத்திலெல்லாம் ராசாவின் பாட்டைப் பாடினாராம். "உன்ரை மனிசன் பாடிப் பாடி மீனையெல்லாம் கலைக்கிறான்" என்று கூடப் போனவர்கள் என்னிடம் முறையிட்டார்கள். "அடுத்த வருசம் ராசாவுக்கு ஆடுங்கோ, திறப்பைத் தாறன்" என்று அவரிடம் சொன்னேன். சின்னப் பிள்ளைபோலச் சந்தோசப்பட்டார். மாரி முடிய அவருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. திருநாளுக்கு முன்னமே போய்விட்டார். வலை வாங்கினது பிழையென்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. இன்றைக்கும் அவருடைய தம்பி அருளப்புவின் வீட்டில் அதனால்தான் அடுப்பெரிகிறது. ஆனாலும் அவர் இன்னுமொருமுறை ராசாவுக்கு ஆடியிருக்கலாம்.

பிள்ளையுமில்லை. வெறும் வீட்டில் இருக்கப் பயமாயிருந்தது. தெரிந்தவர்கள் மூலம் இங்கே வேலை கிடைத்தது, றெயிலேறினேன். போன மாதம் அருளப்பு கருவாட்டுப் பொட்டலத்தோடு பின்வாசலில் வந்து நின்றான்.

"மச்சாள், இந்த முறை என்னைத்தான் ராசாவுக்கு ஆடச் சொல்லிப்போட்டார் அண்ணாவியார். உங்கடை வலைப்பங்குக் காசிலை உடுப்புத் தைக்கட்டோ?"

"வலைக்காசைத் தொடாதை. வலை கிழிஞ்சால் என்னத்தாலை பொத்துவாய்?"

"அப்ப நான் என்னத்தை உடுத்துறது?"

அவன் கேட்ட கேள்வி, முகத்தைச் சுளித்த விதம், எல்லாம் தமையன்தான். "பொறு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். லேடி தன் மகளின் கலியாணத்துக்குப் புதுத் திரை போடவென்று வீட்டு மண்டபத்துச் சிவப்பு வெல்வெற் திரைகளைக் கழற்றி, பழந்துணிக்காரனுக்கென்று மூலையில் போட்டிருந்தார். அதைக் கேட்டேன்.

"உனக்கு என்ன ஜன்னல் இருக்கு?" என்றார் லேடி.

"ராசாவுக்கு, லேடி."

"உன் ராஜா செத்ததுதானே?"

"ஓம் லேடி. இது அவரின்ரை தம்பிக்கு."

"ஓ, பிரின்ஸ்!" என்று சிரித்து, இரண்டு திரையையும் என் கையில் போட்டார்.

வெயிலில் வெளுத்த பக்கத்தை உள்ளே மடித்து நானே கையால் தைத்தேன். கண்ணாடித் துண்டுக்கு மட்டும்தான் காசு போனது. தைத்து முடியும்வரை கொழும்பில் தெரிந்தவர் வீட்டில் தங்கிய அருளப்பு அதைத் தலையணை உறையில் கட்டிக்கொண்டு போனான்.

திருநாளுக்குப் போய்வர லேடி லீவு தந்தார். றெயில் காசும் என்னிடம் இருந்தது. காசை மிச்சம் பிடிக்கத்தான் வரவில்லை என்று ஊரில் கதைத்திருப்பார்கள்; கதைக்கட்டும். பெட்டியை அடுக்கியும் வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அங்கே போனால் அந்தச் சிவப்பு உடுப்புக்கு மேலே அருளப்புவின் முகத்தைத்தானே பார்க்க வேண்டிவரும்.

திருநாளன்று பொழுதுபட இங்கே கோயில் மணி அடித்தது. அங்கே கூத்துக்காரர் முகத்துக்குப் பூசத் தொடங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். புதிய திரை பச்சை நிறம். அதில் இன்னும் கடை மணம் போகவில்லை. இரண்டு கையாலும் இழுத்து ஜன்னலை மூடிவிட்டு, அதைப் பிடித்தபடியே நின்றேன்.

"மதலேன், லாம்பு!" என்று லேடி உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"வாறன் லேடி" என்றேன். திரையை விடவில்லை. அங்கே ராசா இன்னும் மேடைக்கு வரவில்லை.